குழந்தை கை படாதவை

சோப்புப் போட்டுக் கழுவிய கைகளை அவர் மறுபடியும் கழுவுகிறார். துண்டால் துடைத்த பிறகும் புத்தக அறைக்குள் போவதில்லை. விரல்களை விரித்துக் கூடத்து மின்விசிறிக்குக் கீழே பிடித்தபடி நிற்கிறார். புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஈரம் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் அலமாரி திறக்கும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள் நிற்கின்றன. எல்லாம் ஏதாவதொரு வருடம் பரிசு வாங்கியவை. எல்லாம் முதல் பதிப்பு.

அந்த அறைக்கு மட்டும் ஏசி உண்டு. "புத்தகத்துக்கு ஏசி, பொண்டாட்டிக்கு ஃபேன்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது சிரிப்பதை விட்டுவிட்டார், சொல்வதை விடவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நான் அங்கே கண் பரிசோதிக்கிறவன். கடையில் ஆள் இல்லாதபோது அவர் பேசுவது ஒரே விஷயம்தான். பரிசு கிடைத்த பிறகு அச்சாகும் பிரதிகளின் அட்டையில் தங்க நிறத்தில் ஒரு வட்ட முத்திரை இருக்கும். அது இருந்தால் அந்தப் புத்தகத்தை அவர் கையால் தொடமாட்டார். "ஊரே கைதட்டினதுக்கப்புறம் எவன் வேணா வாங்குவான் தம்பி. ஒருத்தனும் சீந்தாதப்ப வந்துச்சு பாரு, அதான் அசல்."

அவருடைய எதிரிகள் மூவர்: வெயில், பூச்சி, குழந்தை. முதல் இரண்டுக்கும் திரைச்சீலையும் மருந்தும் இருக்கின்றன. "மூணாவதுக்கு மருந்தே கிடையாது. ஒரு கிரேயான் போதும், ஆள் காலி." சிறுவயதில் அவருக்குக் கிடைத்த புத்தகமெல்லாம் அண்ணன் கிழித்ததுபோக மிஞ்சியவைதானாம். கதையின் முடிவு இருக்கிற புத்தகத்தை அவர் பார்த்ததே வேலைக்குப் போன பிறகுதான். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

அவர் மகள் வளர்ந்தது இந்த அலமாரிக்கு எதிரில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தள்ளி உட்காரவைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லி, அவரே பக்கம் திருப்பிக் காட்டுவார். மூச்சு படும்படி குனிந்தால் புத்தகம் மூடிவிடும். "இன்னிக்கும் புத்தகக் கடைக்குள்ள போனா என் கை தன்னால பின்னாடி போயிடுதுங்க" என்று அவள் ஒருமுறை என்னிடம் சொன்னாள். தன் பெண் குழந்தையை அவள் அந்த வீட்டுக்கு அழைத்து வருவதில்லை. பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் கடையில்தான்.

போன வருடம் தையல்காரம்மா ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். மேசைமேல் இருந்த பேத்தியின் படத்தைப் பார்த்துவிட்டு, "என் பொண்ணும் இப்படித்தான், பல்லு விழுந்த ஓட்டை தெரியச் சிரிப்பா" என்றார். அந்தப் பெண் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். வெளிநாட்டில் இருந்த சித்தப்பா அவளுடைய பிறந்தநாளுக்கு அனுப்பிய புத்தகம், அவள் போன பிறகு வந்து சேர்ந்தது. "பிரிச்சு அட்டையப் பார்த்தேன். ஒரு கரடி ரயில் ஓட்டிக்கிட்டுப் போகுது. அப்படியே மூடி வெச்சவதான்."

கடைக்காரர் கையிலிருந்த திருப்புளி நின்றது. கரடி ரயில் ஓட்டும் அந்தப் புத்தகம் பிறகு பரிசு வாங்கியது என்று அவருக்குத் தெரியும்.

"அட்டையில தங்கக் கலர்ல, வட்டமா ஏதாச்சும் இருக்குமாம்மா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்களே சார்."

அந்த ஞாயிறே அந்தம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். தையல் இயந்திரமும் கட்டிலும் போக, நிற்க மட்டுமே இடமுள்ள அறை. துணிகளுக்கு அடியிலிருந்து அந்தம்மா புத்தகத்தை எடுத்தார். யாருக்கு என்று கேட்டார்.

"என் பேத்திக்கும்மா. கதைன்னா உசுரை விட்டுடும்."

அந்தம்மா காசு வாங்கிக்கொள்ளவில்லை. "ஒரு குழந்தை படிச்சா போதும் சார். உள்ள அவ பேரை மட்டும் எழுதித் தரட்டுமா? யாருன்னு உங்க பேத்தி கேட்டா, ஒரு அக்கான்னு சொல்லுங்க."

மேசையில் ஒரு பேனா கிடந்தது. அந்தம்மா அதை எடுப்பதற்குள் இவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை உருவி நீட்டினார். "இதுல எழுதுங்கம்மா, பேனா ஊறிடும்." எவ்வளவு கவனமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வீட்டுக்குக் கூப்பிட்டு அந்த முதல் பக்கத்தைக் காட்டினார். வெறும் வெள்ளைத் தாள். விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, "தடம்கூடத் தெரியல பாரு தம்பி. ரப்பரை அழுத்தக் கூடாது, தடவணும்" என்றார். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிவந்த பிள்ளையின் முகம் அவருக்கு. எனக்குக் காபி கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் மகளும் பேத்தியும் கடைக்கு வந்திருந்தார்கள். அன்று பார்த்து, கண்ணாடியில் கழன்றுபோன மூக்குத்தாங்கியைச் சரிசெய்து வாங்கிப் போக அந்தம்மா வந்தார். அவர் திருகாணியை முடுக்கிக் கொடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தம்மா திரும்பினார். குழந்தையைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் மலர்ந்தது.

"இதுதான் பேத்தியா! கரடி ரயில் ஓட்டிச்சே, படிச்சியா கண்ணு? உள்ள ஒரு அக்கா பேரு இருந்துச்சே?"

குழந்தை தன் அம்மாவைப் பார்த்தது. "எந்தக் கரடிம்மா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். ஒரு நொடிதான். "அலமாரியில இருக்கு, அப்படித்தானேப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குழந்தையின் செருப்பைத் தேடினாள்.

"சின்னக் குழந்தைம்மா, மறந்திருக்கும்" என்றார் அவர்.

அந்தம்மா அதிகம் படிக்காதவர்தான். ஆனால் அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. மகள் குழந்தையை இழுத்துக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்தார். பிறகு மேசையருகே வந்து, இவர் முகத்தையே பார்த்தபடி மெல்லக் கேட்டார்.

"அலமாரியில இருந்தாலும் பரவாயில்ல சார். அவ பேரு இருக்குல்ல?"

கண்ணாடி இல்லாவிட்டால் அந்தம்மாவுக்கு எதிரே நிற்கிறவர் முகம் வெறும் புகைதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"கொஞ்சம் கோணலா இருக்கும்மா" என்றார் அவர். கை நீட்டி, அந்தம்மாவின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி எடுத்தார்.