அமுதா கரைத்த கால்கள்

போன வாரம் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, ஜன்னல் வழியே ஒரு பேனரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"சின்ன வயசா இருக்குதே... புள்ளகுட்டிங்க இருக்குதோ என்னமோ. எப்ப ஆச்சாம்?"

நானும் எட்டிப் பார்த்தேன். வெளிர்நீலப் பின்னணி. நடுவில் ஓர் இளைஞரின் முகம். தலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒளிவட்டம். மார்புக்குக் கீழே உருவம் மேகத்துக்குள் கரைந்துபோகிறது. அதற்கும் கீழே, பொடி எழுத்தில் விவரம்.

"ஒன்னும் ஆவலம்மா. பத்தாவதுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கறாராம்."

அவர் என்னை நம்பவில்லை. வண்டி கிளம்பிய பிறகும் அந்த இளைஞருக்காகக் கொஞ்ச நேரம் வருந்திக்கொண்டிருந்தார்.

அவரை எப்படிக் குறை சொல்வது? நம் ஊர்ப் பக்கத்தில் பேனரைப் படித்தா தெரிந்துகொள்கிறோம்? நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம். சிவப்பும் மஞ்சளும் ஏழு வண்ணமும் குழைந்து வழிந்தால் காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு. ஆட்கள் செல்போனைக் காதில் வைத்தபடி முழு உருவத்தோடு நடந்து வருவார்கள். நீலமும் வெள்ளையுமாக அமைதி காத்தால்... மாலையோடு போக வேண்டியதுதான்.

இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்டது 2007 வாக்கில். கற்றுக்கொடுத்தது என் நாத்தனார் அமுதா. அவள் தெரிந்து கற்றுக்கொடுத்தாள் என்று சொல்ல முடியாது.

அமுதா என் கணவரின் தங்கை. கடலூர் முதுநகரில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகு, நாற்பது வயதில், அவளுக்குப் படம் திருத்தும் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். வகுப்பு முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்து உட்கார்ந்ததும் அன்றைய பாடத்தை எனக்கு ஒப்பிப்பாள்.

அவளை முதலில் வசீகரித்தது கிரேடியன்ட். ஒரு நிறம் இன்னொரு நிறமாக மாறுகிறது. ஆனால் எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. அதுதான் கிரேடியன்ட். மவுஸை ஒரு முனையில் அழுத்தி, மறுமுனைவரை இழுத்துவிட்டால் போதும். நேர்கோட்டில் மாறினால் லீனியர். நடுவிலிருந்து வட்டமாக விரிந்தால் ரேடியல். கடிகார முள் சுற்றுவதுபோல் சுற்றி மாறுவது ஒன்று, நடுக்கோட்டின் இரு பக்கமும் ஒரேமாதிரி மங்குவது ஒன்று, வைரவடிவில் விரிவது ஒன்று.

அதற்குப் பிறகு அவள் கண்ணுக்கு உலகமே அப்படித்தான் தெரிந்தது.

"அண்ணி, இந்தத் தோசயப் பாருங்களேன். நடுவுல செவப்பு, ஓரத்துல வெள்ள. அப்பிடியே ரேடியல்!"

"ஆறிப்போவுது, சாப்புடு."

"சாப்புட மனசு வரலயே..."

கிள்ளையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது உப்பங்கழி ஓரமாக அரைமணி நேரம் நின்றுவிட்டாள். நீரின் பச்சை எங்கே வானத்தின் சாம்பலாகிறது என்று பார்த்தாளாம். தாலி கட்டியதைப் பார்க்கவில்லை.

அவள் எல்லாவற்றையும்விட உயர்வாக வைத்திருந்தது, நிறத்திலிருந்து ஒன்றுமில்லாமைக்குப் போகும் கிரேடியன்ட்டை. படத்தின்மேல் மாஸ்க் என்று ஒரு திரை போடுவார்கள். அந்தத் திரையில் வெள்ளை இருக்கும் இடத்தில் படம் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், சாம்பலில் பாதி தெரியும். வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஓர் இழுப்பு... படத்தில் இருப்பவர் மெல்ல மெல்லக் காற்றில் கரைந்துவிடுவார். கத்தரித்த அடையாளமே இருக்காது.

"இதுதான் அண்ணி மரியாதையா மறைக்கிறது" என்பாள்.

படிப்பு முடிந்ததும் முதுநகர் வீட்டின் முன் அறையில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. அது அமுதாவின் கணவர் சேகருக்குப் பிடிக்கவில்லை. அந்த அறையை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பேனர் செய்யச் சொல்லி வாசலில் வந்து நின்ற ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களும், "இன்னாம்மா வெளிறிப்போயி இருக்குது, நல்லா பளிச்சினு ஏழு கலரும் போடு" என்று சொல்லி வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

சேகர் ஒரு முடிவு சொன்னார். தன் அப்பாவின் எழுபது வயது நிறைவு விழாவுக்கான பேனரை அமுதாவே செய்யட்டும். ஊர் மெச்சினால் கம்ப்யூட்டர் இருக்கட்டும். இல்லையென்றால் அதை யாருக்காவது கொடுத்துவிட்டு, அறையை வாடகைக்கு விட்டுவிட வேண்டியது. அமுதா சரியென்றாள். வேறென்ன சொல்வாள்?

அவளுடைய மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்காரவேலு மாமா முதுநகரின் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளில் அவருக்கு வலக்காலில் யானைக்கால் நோய் வந்தது. அந்தக் காலோடுதான் பணிக்காலம் முழுவதும் தெருத்தெருவாக நடந்தார். வாய் மட்டும் எப்போதும் கூர்மை. ஆனால் கேமராவைக் கண்டால் அடங்கிவிடுவார். குடும்பப் படம் எதை எடுத்தாலும் ஒரு நாற்காலிக்குப் பின்னாலோ, பேரப்பிள்ளைகளுக்குப் பின்னாலோ போய் நின்றுகொள்வார். அவருடைய கால் தெரியும் படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை. நானும் என் கணவரும் சனிக்கிழமை காலையிலேயே முதுநகர் போய் இறங்கினோம். தெருமுனை திரும்பியதும் என் கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே பேனர். வானநீலம், வெண்மையாக மாறும் இடம் தெரியாமல் மாறிக்கொண்டிருந்தது. நடுவில் மாமாவின் புன்னகை. தலைக்குப் பின்னால் நிலவுபோல ஒரு ரேடியல் வெளிச்சம். இரு பக்கமும் குத்துவிளக்கு. இடுப்புக்குக் கீழே அவர் மேகமாகக் கரைந்திருந்தார். அதற்கும் கீழே 'எழுபது வயது நிறைவு விழா' என்று அவள் எழுதியிருந்த அழகான எழுத்துகளை, டீக்கடையின் தார்ப்பாய் முழுமையாக மறைத்திருந்தது.

பேனருக்கு யாரோ ரோஜா மாலை போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு சிறு கூட்டம்.

"என் பெரியவனுக்கு வேலைக்கு ஆர்டர் வந்தப்ப நல்ல மழ" என்று மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "முட்டிவரைக்கும் தண்ணி. அந்தக் கால இழுத்துக்கிட்டு வந்து நிக்கிறாரு. நாளைக்கிக் குடுத்தா ஆவாதானு கேட்டேன். நாளைக்கிக் குடுத்தா நீ இன்னிக்கி ராத்திரி தூங்குவியானு கேட்டாரு மகராசன்."

"அவரு நட சத்தமே தனி" என்றார் தையல்காரர். "ஒரு அடி டப்புனு, ஒரு அடி சர்ருனு. அந்தச் சத்தம் கேட்டா மிஷின நிறுத்திடுவேன். நம்ம வூட்டுக்கு வருதா, தாண்டிப் போவுதானு..."

டீக்கடைக்காரர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். "நேத்துகூட டீ சரியில்லனு திட்டிட்டுப் போனாரே..."

அப்போதுதான் நான் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால், தலையில் துண்டைப் போர்த்தியபடி ஒருவர் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாட்சாத் சிங்காரவேலு மாமா. என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்.

ஆனால் டீ விஷயத்தில் அவரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னிக்கும் சரியில்லதான்."

கூட்டம் திரும்பியது. மீன்காரம்மா "ஆத்தாடி!" என்று தையல்காரரின் சட்டையைப் பற்றிக்கொண்டார். அத்தனை பேரின் கண்களும் ஒரே இடத்துக்குத்தான் போயின. மாமாவின் முகத்துக்கு இல்லை. கால் தரையில் இருக்கிறதா என்று பார்க்க!

மாமா வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"இருக்குய்யா. ஒன்னு கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்குது."

ஒரு கணம் யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவரே சிரித்த பிறகு தெரு முழுவதும் சிரித்தது. மீன்காரம்மா மட்டும், "நாக்கக் கடிச்சிக்கிட்டேன்யா உன்னால" என்று அவரைத் திட்டிக்கொண்டே அழுதார்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. விடிந்ததிலிருந்து நான்கு பேர் துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்களாம். சேகர் என் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மச்சான் உங்க தங்கச்சி வேலய? உசிரோட இருக்கறவருக்குக் கருமாதி பேனர் வச்சிட்டா. போதும். திங்கக்கிழம அந்த ரூம காலி பண்ணிடறேன்."

அமுதா முன் அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அதே நீலம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டில் அவள் செய்த மிக நுட்பமான வேலை அது. அதனால்தான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

மாமா கையில் அந்த ரோஜா மாலையோடு உள்ளே வந்தார். மாலையை மேசைமேல் வைத்தார். திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அம்மாடி, என் காலு எங்க?"

அமுதா எழுந்து நின்றாள். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. எந்த போட்டோவுலயும் நீங்க காலக் காட்டுனதே இல்ல. ஊரே பாக்குமே... உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான்... நானே கரைச்சிட்டேன்."

"நாந்தான் நாக்காலிக்குப் பின்னாடி போயி நிப்பேன். அது என் பழக்கம். உன்மேல தப்பில்ல."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"அங்க நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேம்மா. என் மூஞ்சியப் பத்தி ஒருத்தனும் பேசல. எல்லாரும் காலத்தான் பேசுனாங்க. இத்தினி வருசமா அவுங்க இதப் பாத்துச் சிரிக்கிறாங்கனு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அவுங்க சத்தத்தக் கேட்டுக்கிட்டு காத்திருந்திருக்காங்க."

மாமா திரையைச் சுட்டிக்காட்டினார்.

"காலோட ஒன்னு போடு. சாயங்காலத்துக்குள்ள முடியுமா?"

முடியும் என்று அமுதா தலையசைத்தாள். என் கணவரிடம் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. மாமா வாசலுக்குப் போனார். வழக்கத்தில் கை அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்தது. பிறகு அவராகவே அதைத் தள்ளி வைத்துவிட்டு, கைவீசி நடந்து வருவதுபோல் நின்றார். வேட்டியை அரையடி உயர்த்திக் கட்டிக்கொண்டார்.

அடுத்த சில மணி நேரம் அமுதா வேலை செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். நீலத்தை எடுத்துவிட்டு மஞ்சளிலிருந்து இளம்பச்சைக்கு ஒரு லீனியர் இழுத்தாள். ஒளிவட்டத்தை அழித்தாள். மாஸ்க்கைத் தூக்கி எறிந்தாள். பிறகும் திருப்தி வரவில்லை. முழு உருவமும் தெரிந்தது, ஆனால் காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. கொஞ்சம் யோசித்தாள். மாமாவின் காலடியிலிருந்து பக்கவாட்டில், கருமையிலிருந்து ஒன்றுமில்லாமைக்கு ஒரு சிறிய கிரேடியன்ட்... நிழல். அவ்வளவுதான். மனிதர் தரையில் இறங்கிவிட்டார்.

அதே கருவிதான். முதலில் ஒருவரைக் கரைத்தது. மதியம் அவரையே ஊன்றி நிற்கவைத்தது. நாம் நேசிப்பவர்களிடம் நாம் செய்வதும் பெரும்பாலும் இப்படித்தானே? அவர்களுக்கு வலிக்கும் என்று நாமாகவே எத்தனை விஷயங்களை மெல்ல மங்கவைக்கிறோம். பேச்சை மாற்றுகிறோம். புகைப்படத்தில் ஓரத்தை வெட்டுகிறோம். அன்பில்தான் செய்கிறோம், சந்தேகமில்லை. கேட்டுவிட்டுச் செய்கிறோமா என்பதுதான் கேள்வி.

சேகர் வாசற்படியில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். அவருடைய அப்பாவின் முழு உருவத்தை ஒரு படத்தில் அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு, தோற்றுவிட்டதாகத் தெரியக் கூடாது என்பதற்காக, "ஆனா ரூம் கேட்டு வந்தவுங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?" என்றார்.

"உன் ரூம வாடகைக்கு விடு" என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த ரூமுல எம் மருமவ வேல பாக்கறா."

அமுதா முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. மவுஸை இறுகப் பிடித்துக்கொண்டு, தேவையே இல்லாத ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேகர் உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் அவர் காப்பி போட்டு நான் பார்த்தது அன்றுதான்.

படத்தை அச்சுக்கு அனுப்பும் நேரம். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தம் கால்களைத் திரையில் மிக நெருக்கமாகப் பார்த்தார். அமுதா மவுஸில் கை வைத்தபடி காத்திருந்தாள். மனம் மாறிவிட்டதோ என்று எனக்கும் பயமாக இருந்தது.

மாமா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காலு அப்பிடியே இருக்கட்டும்... செருப்பு மட்டும் ரொம்பப் பழசா தெரியுது. அதுக்கு ஏதாவது கிரேடியன்ட் போட்டு மறைச்சிடேன்!"