தாத்தாவின் சாயங்காலக் குளியல்

தாத்தாவை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. திருநெல்வேலியிலிருந்து மாரெட்பள்ளிக்கு வந்த புதிதில் மூக்குப்பொடி வாங்கப் போனவர், ஒன்றுபோலிருந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே வழி தவறி, தெலுங்கில் விலாசம் சொல்லத் தெரியாமல், பொழுது சாய்ந்துதான் யாரோ ஏற்றிவிட்ட ஆட்டோவில் வந்து சேர்ந்தார். மறுநாளே அப்பா பூட்டு வாங்கிவிட்டார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மூன்றரைக்குப் பள்ளி விட்டு வரும் என் பையில்தான் சாவி இருக்கும். பத்து வயதில் எனக்கு அதில் ஏகப் பெருமை.

தாத்தாவுக்கு மிஞ்சியது பால்கனி. எதிர்வீட்டு பால்கனியில் ஒரு தெலுங்குத் தாத்தா இருந்தார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் அரைமணி நேரம் பேசுவார்கள். இவர் முழங்காலைத் தொட்டுக் காட்டினால் அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார். எனக்குச் சிரிப்பு தாங்காது.

ஒரு நாள் காலையில் எதிர்வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அந்தத் தாத்தா இறந்துவிட்டார். எப்போது எடுக்கிறார்கள் என்று நான்தான் தெலுங்கில் விசாரித்து வந்தேன். நாலு மணிக்கு.

“இன்னைக்கு ஒரு நாள் பூட்டாம போய்யா, எதிர்வீட்டுத் துட்டிக்குப் போயிட்டு வந்துருதேன்,” என்றார் தாத்தா.

“அவங்க நமக்கு யாருப்பா? நீங்க மறுபடி எங்கயாவது போயிட்டா நான் ஆபீஸ விட்டுட்டு ஓடிவர முடியுமா?” என்றார் அப்பா, ஷூவை மாட்டிக்கொண்டே.

தாத்தா என்னிடம் வந்தார். “பள்ளிக்கூடம் விட்டதும் நேரா வந்துரும்மா. எங்கயும் நிக்காத.”

“ஹவ் தாத்தா,” என்று அந்த ஊர்ப் பேச்சில் சரி சொல்லித் தலையாட்டினேன்.

அன்று தோழி வீட்டில் புது கம்ப்யூட்டர் கேம் வந்திருந்தது. ஒரே ஒரு ஆட்டம் என்றுதான் உட்கார்ந்தேன். சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நான் வந்தபோது தெருவெல்லாம் பூ சிதறிக் கிடந்தது. ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தேன். வெளுத்த வேட்டி சட்டையில், செருப்பும் போட்டுக்கொண்டு தாத்தா பால்கனியில் நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளியலறைக்குப் போய், பச்சைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு வந்தார்.

“இந்நேரத்துல எதுக்குத் தாத்தா குளிச்சீங்க?”

“துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்கணும்லா.”

“நீங்கதான் எங்கயும் போகலையே!” என்று சாவியை ஆட்டிக் காட்டினேன்.

சாவி என்னிடம் இருக்கும்போது அவர் எப்படிப் போய் வந்திருக்க முடியும் என்பதுதான் அன்று எனக்குப் புரியவில்லை.