காதிலிருந்து கையை எடுத்த ஊர்

டயாலிசிஸ் வார்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நர்ஸக்கா. வாரத்துக்கு மூன்று தடவை வந்து நாலு மணி நேரம் மெஷினோடு கிடக்கிற நோயாளிகள், ஊசி குத்த அவர்தான் வர வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். கை அவ்வளவு லேசு. வீட்டில் அந்தக் கைக்கு வேறு வேலை இருந்தது. மகள் தன்னைத்தானே அடித்துக்கொள்ளாமல் பிடித்து நிறுத்துவது.

மகளுக்குப் பத்தொன்பது வயது. பொம்மி என்று கூப்பிடுவார்கள். பேச்சு பத்துப் பதினைந்து வார்த்தைக்கு மேல் வரவில்லை. சத்தம் அவளுக்கு ஆகவே ஆகாது. ஹாரன், மிக்ஸி, மேல்வீட்டில் நாற்காலி இழுபடுவது, எதுவானாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்துவாள். தகப்பன் அவளுடைய ஏழாவது வயதில் வெளியூர் வேலைக்கென்று கிளம்பினார். போனவர் போனவர்தான்.

மூன்றாவது மாடியில் குடியிருந்தார்கள். எதிரே மேம்பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். ஒருநாள் சாயங்காலம் நர்ஸக்கா வீட்டுக்கு வந்தபோது, பகலில் பொம்மியைப் பார்த்துக்கொள்ளும் பெண் பையும் கையுமாக வாசலில் நின்றாள். இனி தன்னால் முடியாது என்றாள். உள்ளே பொம்மியின் நெற்றி கிழிந்து, சுவரில் ரத்தம் ஒட்டியிருந்தது. நர்ஸக்கா நாலு தையல் போட வைத்து அழைத்து வந்தார். மறுநாள் வீட்டுக்காரரும் வந்து, வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே ரயில் நேர அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நோயாளிக்கு ஏழு மணிக்கு ஊசி ஏற்ற வேண்டும். ஆகவே ஐந்தேகால் ரயிலில் ஏறினால் ஆறரைக்குள் கொண்டுவந்து சேர்க்கிற கிராமமாக இருக்க வேண்டும். அப்படி ஒன்பது ஊர்கள் தேறின.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் தம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனான். பொம்மிக்காக ஹாரனைத் தொடாமல் ஓட்டினான். "எல்லாரும் வீடு பாக்கப் போனா தண்ணி வருதா, கரண்ட் இருக்கான்னு கேப்பாங்க. நீ காதைத் தீட்டிக்கிட்டு வர்றியேக்கா," என்று கேலி செய்தான்.

முதல் ஊர் நிசப்தமாக இருந்தது. அட்வான்ஸ் கொடுக்கப் போன சமயத்தில் கடைக்காரர் ஒருவர், இன்றைக்குக் குவாரி லீவு, நாளைக்கு வந்து பாருங்கள் என்று போகிற போக்கில் சொன்னார். அதற்குப் பிறகு லீவு போட்டு வேலை நாட்களில் போனார்கள். ஓர் ஊரில் தெருவுக்குப் பத்து நாய். இன்னோர் ஊரில் வீடு பிடித்துப்போய் சாவியை வாங்கும் நேரத்தில் வீட்டுக்காரம்மா பொம்மியைப் பார்த்தாள். உடனே வீடு வேறு யாருக்கோ பேசி முடிந்துவிட்டதாக ஞாபகம் வந்துவிட்டது அவளுக்கு.

ஏழாவதாகப் பார்த்த ஊர் ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர். பொம்மி வழக்கம்போல் காதைப் பொத்தியபடியே வேனிலிருந்து இறங்கி, சோளக்காட்டு ஓரத்தில் நின்றாள். இருபது நிமிடம் ஆகியிருக்கும். வலது கை கீழே இறங்கியது. பிறகு இடது கையும். காற்றில் சோளத்தட்டைகள் உரசுவதைத் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த நோயாளி முன்னாலும் கண் கலங்காத நர்ஸக்கா, தண்ணீர் பாட்டில் தேடுகிற மாதிரி வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை காலியாக இருந்தது. போஸ்ட்மேனின் மனைவி நேராகவே கேட்டுவிட்டார்.

"பொண்ணு சத்தம் போடுமா?"

நர்ஸக்கா பொய் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தார். வாய் வரவில்லை.

"போடுவாக்கா. நிறையவே."

"போட்டா போடட்டும். இவருக்கு ஒரு காது கேக்காது. எனக்கு ரெண்டு காதும் இவர்கிட்ட கத்திக் கத்தியே பழகிப்போச்சு."

பகலில் பார்த்துக்கொள்ளவும் அவரே ஒத்துக்கொண்டார்.

அந்த ஊர் பொம்மியை ஏமாற்றவில்லை. நெற்றித் தழும்பு மங்கியது. கோழிகளுக்குத் தீனி போடக் கற்றுக்கொண்டாள். ஆறு மாதத்தில் நாலு புது வார்த்தைகள் வந்தன. நாலையும் போஸ்ட்மேன் மனைவி சொல்லித்தான் நர்ஸக்கா தெரிந்துகொண்டார். விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். வார்டில் ஆள் பற்றாக்குறை. எட்டரைக்குத் திரும்பும்போது, ஏழரைக்கே படுத்துவிடும் மகள் மறுபடி தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருவருக்கும் வாய்த்தது.

இரண்டாம் வருடம் ஐந்தேகால் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது ஆறு நாற்பதுக்கு. பஸ் இரண்டரை மணி நேரம் எடுத்தது. தலைமை நர்ஸ் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் நோயாளிகளைக் காக்க வைக்க முடியாது என்றார். அதில் தப்பும் இல்லை.

தம்பி, நகரத்தின் ஓரத்தில் ஒரு தரைத்தள வீடு பார்த்து வைத்தான். பொம்மியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் சிக்னலிலேயே அவள் கைகள் காதுக்குப் போயின. தொண்டையிலிருந்து அந்தப் பழைய கத்தல் கிளம்பியது.

"வண்டியத் திருப்பு," என்றார் நர்ஸக்கா.

"வேலைய விட்டுடுக்கா, நான் பாத்துக்கறேன்."

"உன் ரெண்டு புள்ளைங்கள யாரு பாப்பா? திருப்புடா."

தம்பி வண்டியைத் திருப்பி ஊருக்கே ஓட்டி வந்தான். வேனை நிறுத்திவிட்டுக் கேட்டான். "ரெண்டு பேரும் சேந்து இருக்கத்தானேக்கா இந்த ஊரைத் தேடின?"

"தேடினது அவளுக்குடா," என்றார்.

நகரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில், அறைக்கு ஆறு கட்டில். ஜன்னலோரக் கட்டில் நர்ஸக்காவுடையது. வாரம் முழுக்க பொம்மி போஸ்ட்மேன் வீட்டோடு. சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறுவார். ஞாயிறு சாயங்காலம் திரும்புவார்.

ஞாயிறு காலையில் மகளுக்கு நகம் வெட்டி, தலை சீவி, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு வேளையானால் பொம்மி எழுந்து போஸ்ட்மேன் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கேதான் அவளுடைய தட்டு இருக்கிறது. நர்ஸக்கா சமைத்ததை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், அங்கே பரிமாறுவார்.

ஒரு ஞாயிறு, மதியம் ஒரு மணிக்கே பொம்மி அம்மாவின் பையைத் தூக்கிவந்து வாசலில் வைத்தாள். செருப்பையும் வெளியே பார்த்தபடி ஜோடியாக வைத்தாள். நர்ஸக்காவின் முகம் மாறியதை போஸ்ட்மேன் மனைவி கவனித்துவிட்டார்.

"நேரமாயிடுமேன்னு எடுத்து வைக்கிறா. உன்மேல அவ்வளவு அக்கறை," என்றார்.

"ஆமாக்கா," என்றார் நர்ஸக்கா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். அக்கறையா, போனால் போதும் என்றா, மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவளிடம் அதற்கான வார்த்தை இல்லை. நர்ஸக்கா சில வாரம் பையைத் திரும்ப உள்ளே வைத்துப் பார்த்தார். பொம்மி பதறினாள். இப்போது வைப்பதில்லை. மகள் எடுத்து வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, நாலு மணிவரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பார். ஓய்வுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.