தினம் தினம் இரண்டாவது சனிக்கிழமை

போன திங்கள் காலை கம்ப்யூட்டர் ரூமில் இருந்தவர்கள்: புரோகிராமர் கிருஷ்ணன் — மதுரைக்காரன், வேலைக்கு வந்து ஆறு மாதம். லைப்ரரியன் ஸ்டெல்லா மேடம் — நாகர்கோவில், மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். அப்புறம் நான் — பியூன், படிப்பு எட்டாம் கிளாஸ். பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்து ஐந்து மாடிக்கும் கொண்டு போவது என் வேலை.

நாலாவது, புது மெஷின். முதல் நாள் அதற்கு.

எங்கள் ஆபீஸ் லைப்ரரியில் 86 புத்தகங்களைக் காணோம். எடுத்தவர் பெயர் இருக்கிறது. புத்தகம்தான் இல்லை. அத்தனையும் வந்தால்தான் மேடத்துக்கு 'நோ டியூஸ்', அதாவது பாக்கி இல்லை என்ற கையெழுத்து. இல்லாவிட்டால் பென்ஷன் ஃபைல் நகராது.

மாதாமாதம், ஆபீஸ் லீவான இரண்டாவது சனிக்கிழமையில், பழைய மெஷின் தானாகச் சீட்டு அடிக்கும். 'புத்தகத்தைத் திருப்பித் தரவும்.' நான் திங்கட்கிழமை கொடுப்பேன். வாங்கி வேர்க்கடலை மடிப்பார்கள்.

எந்த வேலை என்றைக்கு ஓட வேண்டும் என்று புது மெஷினில் எழுதும் முறையே வேறு. கிருஷ்ணன்தான் மாற்றி எழுதினான். இரண்டாவது சனி எப்போதும் எட்டிலிருந்து பதினாலுக்குள் வரும், இல்லையா? தேதிக் கட்டத்தில் 8-14 போட்டான். கிழமைக் கட்டத்தில் 6, அதாவது சனி. எனக்கும் சரியாகத்தான் பட்டது.

திங்கள், எட்டாம் தேதி. மணி ஒன்பது. பிரிண்டர் கடகடவென்று அடித்தது. 86 சீட்டு.

செவ்வாய் ஒன்பது மணி. மறுபடி 86.

கிருஷ்ணன் மெஷினோடு வந்த தடிப் புத்தகத்தைப் புரட்டினான். முகம் வெளுத்தது.

"அண்ணே, பழசுல தேதியும் பொருந்தணும், கிழமையும் பொருந்தணும். இதுல ரெண்டுல ஒண்ணு பொருந்தினாலே ஓடிருமாம்ணே! பதினாலு வரைக்கும் தினம் அடிக்கும். இப்பவே மாத்திடுறேன்."

மேடம் அவன் கையைப் பிடித்தார். "தொடாத, மக்களே. ஒனக்கு என்ன அவசரம்? நாலு நாளு ஓடட்டும், கேட்டியா."

"சர்மாஜிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும் மேடம்!"

"அவருகிட்டயே நாலு புக்கு கெடக்கு. வாயத் தொறக்க மாட்டாரு."

சர்மாஜி எங்கள் பெரிய அதிகாரி. சீட்டைக் கிழித்தேன். படியேறினேன்.

புதன். மூன்றாவது சீட்டு. ஆபீஸ் ஆடிப்போனது.

"க்யா ஹுவா பையா, இன்ஸ்பெக்ஷனா?" என்ன ஆயிற்று என்று மாடிக்கு மாடி இந்தியில் கேட்டார்கள்.

"மாலூம் நஹி", தெரியாது என்றேன்.

"புது மெஷின் சார். யாரு எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு அதுக்குத் தெரியுமாம்" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்! மோதி பாக் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர், குளிருக்குப் போர்த்தும் ரஜாய் வைத்த பெட்டியைக் கவிழ்த்து இரண்டு புத்தகம் எடுத்து வந்தார். இன்னொருவர் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்ததை உருவி வந்தார். இப்போது கட்டில் ஆடுகிறதாம். லைப்ரரி வாசலில் க்யூ... லைப்ரரிக்கு க்யூ! நீங்கள் பார்த்ததுண்டா?

வியாழக்கிழமை சர்மாஜியே இறங்கி வந்தார். நெஞ்சோடு நாலு புத்தகம்.

"பஸ், ஸ்டெல்லாஜி, பஸ்! போதும்! அந்த மெஷினை வாயை மூடச் சொல்லுங்கள்!"

கிருஷ்ணன் மேஜைக்கு அடியில் பேனா தேடினான். தோள் குலுங்கியது. எனக்கே உதடு அசைந்துவிட்டது.

பன்னிரண்டு வருஷம் மேடம் கெஞ்சினார். ஒருவர் அசையவில்லை. மெஷின் நாலு நாள் தப்பாகக் கேட்டது — ஓடி வருகிறார்கள். மனுஷி கேட்டால் 'பார்க்கலாம்'. மெஷின் கேட்டால் நடுக்கம். நல்ல மரியாதை!

வெள்ளி ஒன்பது மணி. மெஷினில் வேலை ஓடியது. ஒரு சீட்டும் விழவில்லை. எல்லாம் திரும்பி வந்தாயிற்று, அடிக்கப் பெயரே இல்லை. கிருஷ்ணன் மூச்சு விட்டான். இனி மெஷின் எட்டிலிருந்து பதினாலு வரை தினமும் எழுந்து, 'இன்று சனியா?' என்று பார்த்து, இல்லையென்றால் படுத்துவிடும்படி எழுதி வைத்தான்.

சாயங்காலம் சர்மாஜி கையெழுத்துப் போட்டார். மேடம் காகிதத்தைப் பையில் வைத்துவிட்டு மேஜையில் இருந்த புத்தகங்களை எண்ணினார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். அப்புறம் என்னை எண்ணச் சொன்னார். பயத்தில் வீட்டில் கிடந்ததையெல்லாம் அள்ளி வந்திருக்கிறார்கள். ஒரு ஸ்கூல் அட்லஸ், ஊறுகாய்க் கறையோடு ஒரு சமையல் புத்தகம்...

காணாமல் போனவை 86. நான் எண்ணியவை 91.