ராகேல் அக்கா கேட்டு வாங்கிய ஷூ

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபைப் பத்திரிகைக்கு ஒரு சாட்சியாக எழுதிக் கொடு என்று போதகர் நாலைந்து முறை கேட்டுவிட்டார். நன்றி சொல்ல எனக்கு நிறையவே இருக்கிறது. ஆனால் நன்றியை மட்டும் எழுதி அனுப்ப மனசு வரவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பாதி வாசிப்பதற்குள் அல்லேலூயா சொல்ல அவசரப்படாதீர்கள்.

என் பெயர் டேனியல். சொந்த ஊர் மரக்காணம். அம்மா உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தவர். அப்பா நான் சின்னவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். எங்கள் வீட்டில் தாராளமாக இருந்தது என் உயரம் ஒன்றுதான். ஆறடி ஆறு அங்குலம். ஊரில் எனக்கு லைட்டுக் கம்பம் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் ஒரு கூடைப்பந்தைக் கையில் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியவன்தான்.

2004இல் எனக்கு இருபத்தாறு வயது. அதற்குள் சென்னை, ஹைதராபாத், பிலாய், கொச்சி, கொல்கத்தா, லூதியானா என்று சுற்றி ஆடிவிட்டேன். கொழும்பில்கூட ஒரு சீசன் ஆடினேன். "டேனியலுக்கு என்ன, ரயில்லயே குடியிருக்கான், பெரிய ஆளாயிட்டான்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ரயிலில் குடியிருந்தது உண்மை. பெரிய ஆளெல்லாம் ஆகவில்லை. எங்கே போனாலும் ஒரு வருட ஒப்பந்தம்தான், இல்லாவிட்டால் கெஸ்ட் பிளேயர். அதாவது ஒரு போட்டிக்கு மட்டும் கூப்பிட்டு ஆடவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஜெயித்தால் தோளில் தூக்குவார்கள், மறுநாள் காலையில் ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். ஏதாவது ஒரு அரசுத் துறையின் அணியில் நிரந்தர வேலை. அது கிடைத்தால் அம்மா உப்பளத்துக்குப் போக வேண்டாம்.

ஏன் கிடைக்கவில்லை என்றால் சிரிப்பீர்கள். எனக்கு ஷூ இல்லை.

என் காலுக்குப் பதினாலாம் நம்பர் வேண்டும். கடையில் பதினொன்றோடு முடிந்துவிடும். அணிகள் கொடுப்பதும் அதுதான். பிளேடால் அதன் முன்பக்கத்தை அறுத்து, விரல்களை வெளியே விட்டு, மேலே பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு ஆடினேன். முதல் இரண்டு குவார்ட்டர் பறப்பேன். மூன்றாவதில் நகம் பெயர்ந்துவிடும். நாலாவதில் நொண்டிக்கொண்டு நிற்பேன். புண் ஆறுவதற்குள் அடுத்த போட்டி வந்துவிடும். வெளிநாட்டுக்குப் போன நண்பர்கள் வாங்கி வருவதாகச் சொன்னார்கள். போனார்கள், வந்தார்கள், மறந்தார்கள். பாண்டிச்சேரியில் ஒருவரிடம் தோலில் அளவெடுத்துத் தைத்தேன். அதைப் போட்டுக் குதித்தால் காலில் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு குதிப்பது போல இருந்தது. "நல்லா ஆடறான், ஆனா முழு மேட்ச் தாங்க மாட்டான்" என்று என்னைப் பற்றி எல்லா ஊரிலும் ஒரே பேச்சு. ஊருக்கு வந்தால் அம்மா உப்பில் வெடித்த காலுக்கும் நான் பெயர்ந்த நகத்துக்கும் ஒரே சட்டியில் வெந்நீர் வைப்போம்.

ராகேல் அக்காவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குக் கிழக்கே உள்ள குப்பத்தில் இருந்தார். கரையில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்பவர். அவர் வீட்டில்தான் புதன்கிழமை ஜெபக்கூட்டம் நடக்கும். அவர் புருஷன் தேசிங்கு மாமா சபைக்கு வராதவர். கூட்டம் நடக்கும்போது வெளியே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார். 2004 ஜூன் மாதம் நான் புண்ணோடு ஊருக்கு வந்திருந்தேன். கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் தேவையைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது ஷூ என்றேன். இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராகேல் அக்கா சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார். கண்ணை மூடி, மீன் விற்கிற அதே குரலில் சத்தமாகக் கேட்டார்.

"ஆண்டவரே, எங்க தம்பி காலப் பாரும். இவ்ளோ பெரிய காலக் குடுத்தது நீர்தானே? அப்ப ஷூவயும் நீர்தான் குடுக்கணும்."

அன்றிலிருந்து நான் எந்த ஊரில் இருந்தாலும் புதன்கிழமைதோறும் அவர் இதைக் கேட்டார். அம்மா போனில் சொல்வார். சபையில் அவருக்கு ஷூ ராகேல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சிரித்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கிறவர்களிலும் இருப்பீர்கள்.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நான் கொல்கத்தாவில் ஒரு போட்டிக்குப் போயிருந்தேன். ராகேல் அக்கா எப்போதும் போல மீன் எடுத்து விற்றுவிட்டு ஆராதனைக்கு வரலாம் என்று காலையில் கரைக்குப் போயிருக்கிறார். சுனாமி வந்தபோது கரையில் நின்றிருக்கிறார்.

ஊருக்குப் போன் கிடைக்கவில்லை. ரயிலில் கதவோரம் நின்றுகொண்டே வந்தேன். அம்மா பிழைத்திருந்தார். கழிமுகம் வழியாகத் தண்ணீர் உப்பளம் வரை ஏறியிருந்தது, ஆனால் அது உப்பளத்தில் வேலை இல்லாத மாதம். அக்காவை நான் பார்க்கவில்லை. அதற்குள் மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்துவிட்டிருந்தார்கள். அவர் வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது.

ஜனவரியில் ஒரு வேலையாகப் பாண்டிச்சேரி போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பொம்மையார்பாளையம் தாண்டியதிலிருந்து சாலை ஓரம் முழுக்கத் துணிக் குவியல். உங்களுக்கு நினைவிருக்கும். எங்கெங்கிருந்தோ நிவாரணம் என்று அனுப்பிய பழைய துணிகள். குளிர்கோட்டு, கம்பளிச் சட்டை, யாரோ வெள்ளைக்காரப் பெண் போட்டுக் கழித்த கவுன். குப்பத்து ஜனங்கள் தொடவில்லை. வீடு போனதற்காக ஊரான் உடுத்திக் கழித்ததை உடுத்துவோமா என்று அப்படியே விட்டுவிட்டார்கள். மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர் அருகே, குப்பத்துக்குத் திரும்பும் இடத்தில் இறங்கி நடந்தேன். அங்கே ஒரு குவியலில் வெள்ளையாக ஒரு ஷூ தெரிந்தது. தூரத்திலேயே அளவு தெரிந்துவிட்டது. கூடைப்பந்து ஷூ. கணுக்கால் வரை ஏறுகிற வகை. கொஞ்சம்தான் போட்டது. ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றுக்காகக் குவியலைப் பைத்தியம் போலக் கிளறினேன். கோட்டுகளுக்கு அடியில் இருந்தது. அங்கேயே தார் ரோட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். விரல்கள் ஐந்தும் மடங்காமல் நீட்டி நின்றன. பெரியவனான பிறகு விளையாட்டு ஷூவுக்குள் அவை அப்படி நின்றதே இல்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன். பிறகுதான் ராகேல் அக்கா நினைவுக்கு வந்தார். அவர் குப்பத்துக்கு வந்த நிவாரண லாரியில்தான் இது வந்திருக்கிறது. ரோட்டிலேயே அழுதேன். பஸ்ஸில் போனவர்கள் நானும் யாரையோ பறிகொடுத்தவன் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் உண்மைதான்.

அம்மா போதகரிடம் சொல்ல, போதகர் சபையில் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். பிப்ரவரியில் வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் பிரசங்கம் செய்ய வந்திருந்தார். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, ஷூவோடு நிற்க வைத்து, மைக்கில் சொன்னார்: "பாருங்க ஜனங்களே, ஒரு தம்பியோட ஷூவுக்காகக் கர்த்தர் கடலையே அசைச்சார்."

ஜனங்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். முன் வரிசையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி வெளியே போய்விட்டேன். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி உப்புச் சாக்கில் போட்டுக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதற்கப்புறம் நிறைய நாள் நான் சபைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் வந்து கேட்கவில்லை. ஷூ கிடைத்தவனுக்கு என்ன குறை என்று நினைத்தீர்களோ என்னவோ.

நான் பழைய ஷூவை அறுத்துப் போட்டுக்கொண்டே ஆடினேன். கர்த்தரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன். இந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு துறையிலிருந்து அழைப்பு வந்தது. செப்டம்பரில் தேர்வு, நிரந்தர வேலை. அந்த வருடத்தோடு என் வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் வேறு கிடையாது. அந்த ஷூவைப் போடு என்று அம்மா கெஞ்சினார். என்னால் சாக்கை அவிழ்க்க முடியவில்லை. அதைத் தொட்டாலே அந்த மைக்குச் சத்தம் கேட்டது.

கடைசியில் சாக்கோடு எடுத்துக்கொண்டு தேசிங்கு மாமாவிடம் போனேன். அவர் தற்காலிகக் கொட்டகையில் இருந்தார். தார்ச் சீட்டுக் கூரை, உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு. அலைக்குப் பிறகு அவர் கடலில் கால் வைக்கவில்லை. எங்கள் அம்மா வேலை பார்த்த அதே உப்பளத்தில் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார். பரம்பரையாகக் கடலுக்குப் போனவர் உப்பு மூட்டை தூக்குவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இதை நான் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஷூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குத்தான் வாரா வாரம் அந்தக் கத்து கத்துனாளா?"

"ஆமா மாமா."

"அவளுக்குன்னு இன்னா கேட்டா?"

யோசித்துப் பார்த்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"சரி, நீங்க இத்தினி பேரு இருந்தீங்களே. அவளுக்குன்னு யாராச்சும் எதுனா கேட்டீங்களா?"

இல்லை மாமா என்றேன். அவர் ஷூவை என் மடியில் வைத்தார்.

"போட்டுக்கோ. கேட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போயிருக்கா. சாக்குல கட்டி வெச்சா யாருக்கு ஆவும்?"

மாமா, உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்பா," என்றார். "உங்க சாமி குடுக்கற விதம் எனக்கு ஒத்துக்காது."

அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் செப்டம்பரில் ஆடினேன். நாலாவது குவார்ட்டரிலும் ஓடினேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னப் பையன்கள் மூச்சு வாங்கி நின்றபோது நான் எழும்பி எழும்பிப் பந்தை எடுத்தேன். வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பழைய பயிற்சியாளர், முழு மேட்ச் தாங்க மாட்டான் என்று என்னைக் கழற்றிவிட்டவர், வந்து கைகொடுத்தார். நான் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வேலை கிடைத்தது. 2006 பொங்கலோடு அம்மா உப்பளத்துக்குப் போவதை நிறுத்தினார். இதற்கு நான் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன், முழு மனதோடு சொல்கிறேன்.

இன்னொன்றையும் கேளுங்கள். வேலையில் சேர்ந்த சில வாரத்தில் துறையே எனக்குப் புது ஷூ வரவழைத்துக் கொடுத்தது. சரியான அளவு. கேட்கக்கூட இல்லை. அத்தனை வருடம் யாராலும் முடியாது என்ற காரியம். நிரந்தரமான காலுக்குத்தான் இந்த நாட்டில் ஷூ வரும் போலிருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

கர்த்தர் என் ஷூவுக்காகக் கடலை அசைத்தார் என்பதை நான் நம்பவில்லை. நம்பினால் அவர் முன்னால் முழங்கால் போட என்னால் முடியாது. கடல் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பதில் கேட்டு இன்றைக்கும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ராகேல் அக்கா எனக்காகக் கேட்டார், அவர் போன பிறகும் அது வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இப்போது புதன்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டில் நடக்கிறது. போட்டி இல்லாத வாரங்களில் சென்னையிலிருந்து வந்துவிடுவேன். தேசிங்கு மாமாவும் வருவார். முன்பு போலவே வெளியே உட்காருவார், கையில் வலை மட்டும் இருக்காது. இந்த வருடம் ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தார்.

"எனக்கு ஒண்ணு கேளு," என்றார். "கடலுக்குப் போவணும். தண்ணியப் பாத்தாலே காலு பின்னால இழுக்குது."

சரி மாமா என்று முழங்கால் போட்டேன். அவர் என் தோளைப் பிடித்தார்.

"பாத்துக் கேளு. இதனால வேற யாருக்கும் ஒண்ணும் ஆவக் கூடாது. அத மொதல்ல சொல்லிட்டுக் கேளு."

அப்படியே கேட்டேன். ஒவ்வொரு புதன்கிழமையும் அப்படியே கேட்டேன். ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலையில் மாமா இன்னொருவர் படகில் ஏறிப் போனார். அன்று நான் ஊரில்தான் இருந்தேன். மத்தியானம் வரை கரையை விட்டு நகரவில்லை. திரும்பி வந்தார், போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் ஒரு கூறு சங்கரா மீனை வைத்துவிட்டுப் போனார். அம்மா அதைக் குழம்பு வைத்தார். சாப்பிடும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்களுக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள். ஷூவாக இருந்தாலும் வெட்கப்படாமல் கேளுங்கள், கர்த்தர் காதுகொடுத்துக் கேட்கிறார். புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம். உங்களுக்காகக் கேட்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு முறையாவது அவர்களிடம் விசாரியுங்கள். எங்கள் வீட்டில் ஜெபத்தை ஆரம்பிக்கும்போது இப்போதெல்லாம் தேசிங்கு மாமா சொல்லிக் கொடுத்ததைத்தான் முதலில் சொல்கிறோம். ஆண்டவரே, இதனால் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது.