தாகம் அடங்காத கோடை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், கோடை தொடங்கியதுமே எங்கள் வீட்டில் கேன் தண்ணீர் நிற்கவில்லை. கேன் போடுகிறவர் அளவில் ஏமாற்றுகிறார் என்று அம்மா சந்தேகப்பட்டாள். அவர் பாவம். குடித்துத் தீர்த்தது நான்தான். எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. குடித்ததெல்லாம் உடனே வெளியே போக வேண்டும் என்றது. கணக்கு வகுப்பிலிருந்து தப்பிக்க நான் கண்டுபிடித்த வழி இது என்று டீச்சர் நினைத்தார். அந்த அளவுக்கு எனக்கு மூளை இருந்ததாக நம்பியதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு படுக்கையையும் நனைக்க ஆரம்பித்தேன்.

"பேய்ப் படம் பாத்துட்டு பயந்துகினு கீது" என்றார் அப்பா.

"வெயிலு இந்தக் கொளுத்து கொளுத்துது, கொழந்த தண்ணி குடிக்காம இன்னா பண்ணும்?" என்று அம்மா எனக்காகப் பேசினாள். ஈஸ்டருக்குத் தைத்த கவுன் சில வாரங்களிலேயே தோளிலிருந்து நழுவியபோது, வளர்கிற பிள்ளை இளைக்கத்தான் செய்யும் என்று ஊக்கு குத்தி அனுப்பினாள். எதைத் தின்றாலும் பசித்தது. ஆனாலும் படி ஏறினால் கால் துவண்டது. எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

எங்கள் வீடு சுங்குவார்சத்திரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். மாடியில் ஷீட் போட்ட அறையில் செல்போன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருத்தியை நான் மாடி அக்கா என்பேன். ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் அவளை எப்போதாவதுதான் பார்க்க முடியும். பார்த்தால் என் சடையை ஒரு இழு இழுத்துவிட்டுப் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் வாந்தி எடுத்தேன். வயிறு வலித்தது. ஓடி வந்தவளைப்போல மூச்சு வாங்கியது, கண் சொருகியது. வெயில் தாக்கிவிட்டது என்று அம்மா ஒரு சொம்பு நிறையக் குளுக்கோஸ் கரைத்தாள். அப்பா ஆரஞ்சு கூல்ட்ரிங் வாங்கி வந்தார். அன்பின் மிகுதியால் இருவரும் மாற்றி மாற்றிச் சர்க்கரையை ஊட்டினார்கள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த மாடி அக்கா, கம்பெனிச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையுமாக வாசலில் நின்று பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் முகத்துக்கு நேரே குனிந்தாள். என் வாயிலிருந்து அழுகின பழ வாசம் அடித்ததாம்.

"எக்கா, அந்தக் குளுக்கோஸக் குடுக்காதிய! பிள்ள தண்ணி நெறைய குடிக்காளா? ஒண்ணுக்கு அடிக்கடி போறாளா?"

"ஆமா, ராத்திரில படுக்கையே நனஞ்சிடுது. ஏன்?"

"சுகரு பாக்கணும். இப்பமே."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பேச்சு பேசற? எங்க மாமனாருக்கே ரிட்டையர் ஆனப்புறம்தான் வந்துச்சு. கொழந்தைக்குப் போயி சுகரா?"

"அது வயசு பாத்து வராதுக்கா. ஒரு சொட்டு ரத்தம் பாத்தாப் போதும். இல்லன்னு வந்தா என்னைய என்ன வேணாலும் ஏசுங்க."

சொல்லிவிட்டு அவள் அம்மாவின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் அப்பா ஆட்டோவுக்கு ஓடினார். அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

கிளினிக்கில் நர்ஸ் என் விரலில் குத்தி, ரத்தத்தைச் சின்னக் கருவியில் வைத்தார். எண் எதுவும் வரவில்லை. 'ஹெச்', 'ஐ' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் வந்தன. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, மெஷின் எனக்கு ஹாய் சொல்கிறது என்று நினைத்து நானும் முனகலாக ஹாய் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டால் அந்தக் கருவி அப்படித்தான் காட்டும். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம் என்று டாக்டர் எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். போகும் வழி எதுவும் என் நினைவில் இல்லை. கண் விழித்தபோது கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தது. பல நாட்களுக்குப் பிறகு நாக்கு ஈரமாக இருந்தது.

மிட்டாய் வாங்கிக் கொடுத்ததால்தான் வந்தது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அதனால் வரவில்லை, யார் மேலும் தப்பில்லை, இந்தக் குழந்தையின் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, இனி நாம்தான் ஊசியில் கொடுக்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று அவர் அப்பாவிடம் தனியாகச் சொன்னதை வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்று ஒரகடத்தில் வேலைக்குப் போகிறேன். சாப்பாட்டுப் பையில் இன்சுலின் பேனாவும் கூடவே வருகிறது.

அன்று எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. படுக்கை நனைந்தது என் தப்பில்லை என்று ஊரறிய ஆகிவிட்டதே, அதற்காகத்தான் மாடி அக்காவிடம் உருகிப்போனேன். ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தபோது அவள் கையை விடவே இல்லை.

"ஒனக்கு எப்படிக்கா தெரிஞ்சிது?" என்று கேட்டேன்.

"எந் தம்பியும் இப்படித்தான் தண்ணியாக் குடிப்பாம்ட்டி."

"அவனும் ஊசி போட்டுக்கறானா? இன்னா படிக்கிறான்?"

அவள் என் போர்வையைச் சரிசெய்தாள். "அஞ்சாப்பு" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நானும் அஞ்சாவதுதான்! லீவுக்கு அவனக் கூட்டிகினு வாக்கா, எங்க கோயில் திருவிழா வருது" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அம்மாவுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது போலும். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அவன் எத்தனை வருஷமாக அஞ்சாப்பிலேயே இருக்கிறான் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.