பழக்காரி

பஸ்ஸில் அவள் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் பழக்கூடையைத்தான் தேடுவார்கள். கூடை இருக்காது. வாழைப்பழ எசன்ஸ் தயாரிக்கும் தொழிற்சாலையில் பல வருட வேலை. அந்த வாசனை முடியிலும் தோலிலும் குடியேறி, எந்த சோப்புக்கும் மசியவில்லை. தெருவே அவளைப் பழக்காரி என்றது.

தம்பி வீட்டில்தான் இருந்தாள். தம்பி மனைவி முழுகாமல் இருந்தபோது, இவள் கிட்டே வந்தாலே குமட்டிக்கொண்டு ஓடினாள். பாவம், வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலைக்குப் பக்கத்தில் ரூம் கிடைத்திருக்கிறது என்று இவளே பெட்டியைக் கட்டினாள். தம்பி தடுத்தான். ஒரு தடவைதான் தடுத்தான்.

ரூமில் ஒரு ஜன்னல், ஒரு தட்டு, ஒரு டம்ளர். பேச ஆள் கிடையாது.

வேலையிலும் பெரிய பேச்சில்லை. மூடிய கலத்தில் அமிலமும் ஆல்கஹாலும் கொதித்து எசன்ஸும் தண்ணீருமாக மாறும். ஆவி குளிர்ந்து கண்ணாடிக் குழாயில் இறங்கும்போது, மேலே மிதப்பது கலத்துக்கே திரும்பும். அடியில் தங்கும் தண்ணீரை அவள் வடித்துவிட வேண்டும்.

தம்பி மனைவிக்கு வலி எடுத்த அன்று இவள் கண் போனிலேயே இருந்தது. வடிகுழாய் அடைத்துக்கொண்டதைக் கவனிக்கவில்லை. தண்ணீரெல்லாம் வழிந்து கலத்துக்குள்ளேயே போயிற்று. கெமிஸ்ட் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார், ஒரு அளவுக்கு மேல் அமிலம் குறையவில்லை. பொறுத்துப் பார்த்தார்; அப்போதும் அதே அளவு.

"என் தப்புதான் சார். பாதியிலயே நின்னுபோச்சா?"

"நிக்கலம்மா. அமிலம் எசன்ஸாகுது. அதே வேகத்துல எசன்ஸும் தண்ணியும் சேர்ந்து திரும்ப அமிலமாகுது. போறதும் வர்றதும் சரிக்குச் சரி. வெளிய பாத்தா ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும்."

வேகத்துக்காக ஆரம்பத்தில் விடும் கந்தக அமிலத்தை இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன என்று கேட்டாள். அது இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வேகப்படுத்தும், நிற்கிற இடம் மாறாது, தண்ணீரை வெளியே எடுத்தால்தான் எசன்ஸ் பக்கம் நகரும் என்றார். ஃபிட்டர் வந்து அடைப்பை எடுத்தார். தண்ணீர் வடிய வடிய அமிலமும் குறைந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். பெண் குழந்தை. இப்பவே கிளம்பட்டுமா என்று கேட்டாள்.

"கொஞ்ச நாள் போகட்டும்க்கா."

சரி என்று போனை வைத்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தம்பி மனைவியே கூப்பிட்டாள். "என்ன அண்ணி, புள்ளையப் பாக்க வரவே இல்ல? எனக்கு இப்ப வாசனையெல்லாம் ஒண்ணும் பண்றதில்ல."

புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். மடியில் வைத்ததும் குழந்தை தூங்கிவிட்டது. கால் மரத்துப்போயும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இங்கேயே வந்துவிடு என்று யாராவது சொன்னால் சரி என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். அவள் முன்பு படுக்கும் இடத்தில் தொட்டில் நின்றது. சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டாள். தம்பி வாசல்வரை வந்து, அடிக்கடி வந்து போ என்றான்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போய்வந்தாள். பிறகு மாதம் ஒரு தடவை என்று ஆகி, அதுவே பழகியும் போயிற்று.